முடிந்து வைத்த காசு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி எழுத்தைப் பற்றியும் பாதி சாமியைப் பற்றியும் இருந்தன. பிரித்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

மனநிலை அமைந்தால் ஒரே நாளில் பத்துப் பக்கம் எழுதிவிடுகிறேன். அமையாவிட்டால் இரண்டு மாதம் பேனாவைத் தொடுவதில்லை. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?
வாசகி, பெரம்பலூர்

காலை நாலே முக்காலுக்கு எழுந்துகொள்வேன். பால் பாக்கெட் வந்து விழுகிற சத்தத்துக்கும் கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுகிற சத்தத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். இருபது வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மனநிலை இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யோசித்தால் மோட்டார் போட்டுவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் மார்கழியில் இட்லி மாவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பொங்காது. ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் பாத்திரத்தில் அரைத்த அளவிலேயே நிற்கும். அதற்காக அந்த மாதம் யாரும் மாவு அரைக்காமல் இருப்பதில்லை, இட்லி வராத மாவில் தோசை ஊற்றிக்கொள்கிறோம். எழுத்து வராத நாளில் நானும் அப்படித்தான் செய்கிறேன். கதை நகரவில்லையா, கதையில் வருகிற வீட்டின் வாசலில் என்னென்ன கிடக்கிறது என்று எழுதுவேன். செருப்பு எத்தனை ஜோடி, எது யாருடையது, எதில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. அதில் முக்கால்வாசி கதைக்குள் போகாது, ஆனால் அந்த ஊக்கு எங்கேயாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ராத்திரி அடுப்படியை ஒழித்துவிட்டு மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப் போடுகிறோம் இல்லையா, அந்தக் கையோடு ஒரு துண்டுச் சீட்டில் நாளைக்கு எழுத வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துவிட்டுப் படுங்கள். ஒன்று போதும். காலையில் காலித் தாளைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் முடிகிற காரியமா?
வாசகி, கரூர்

முடியும். ஒரு கொத்து கருவேப்பிலை போட்டுக் கொடுங்கள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுங்கள். சமைத்துத்தான் தர வேண்டும் என்று உங்கள் மாமியாரே சொல்லியிருக்க மாட்டார்.

அம்மா போன வருஷம் தவறிவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆனால் சமயபுரத்துக்கு நடந்து வருவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தாராம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது, அவரால் போக முடியவில்லை. எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்த வேண்டுதலை நான் நிறைவேற்ற வேண்டுமா?
வாசகர், புதுக்கோட்டை

இந்தக் கேள்வியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. என் அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அக்காவும் நானும் சாமி அலமாரியை ஒழித்தோம். குங்குமச் சிமிழ், பழைய பஞ்சாங்கங்கள், எந்தக் கோவிலில் வாங்கியது என்று தெரியாத விபூதிப் பொட்டலங்கள் இதற்கெல்லாம் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதற்குள் மூன்று மஞ்சள் துணி முடிச்சுகள். நம் பக்கத்தில் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி முன்னால் வைத்து வேண்டிக்கொள்வார்கள், காரியம் ஆனதும் கோவிலுக்குப் போய் அதை உண்டியலில் சேர்ப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அம்மாவிடம் மூன்று முடிச்சு மிச்சம் இருந்தது. இரண்டில் ஒரு ரூபாய்க் காசு. மூன்றாவதை அவிழ்க்க அரை மணி நேரம் ஆயிற்று, மஞ்சள் எல்லாம் போய்த் துணி வெறும் பழுப்பாகி, முடிச்சு கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. அக்கா ஊக்கால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். உள்ளே காண்டாமிருகம் போட்ட 25 காசு. வருஷம் 1994. அந்தக் காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது, கடையில் வாங்க மாட்டார்கள், பஸ்ஸில் வாங்க மாட்டார்கள். ஆனால் அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. வேறு காசை மாற்றி முடியவும் இல்லை.

எந்தச் சாமிக்கு, யாருக்காக என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது அதற்கு அடுத்த வருஷம், அதுவாக இருக்கலாம் என்றாள் அக்கா. அப்பாவுக்கு வேலை போய்த் திரும்பக் கிடைத்ததும் அந்தச் சமயத்தில்தான். நான் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு பரீட்சையில் தோற்றதும் அப்போதுதான். அதுவும் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

பெரியம்மாவிடம் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "எந்தச் சாமின்னு தெரியலன்னா கொண்டுபோய்ச் சமயபுரத்தாகிட்ட போட்டுருடி. யாருக்குச் சேரணுமோ அவ பார்த்துச் சேர்த்துருவா" என்றார்.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்றிலிருந்து 28 நாள் சமயபுரத்தில் அம்மனே விரதம் இருக்கிறாள், பச்சைப்பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் அவ்வளவுதான் நைவேத்தியம். மற்ற கோவில்களில் சாமிக்காக நாம் பட்டினி கிடப்போம், இங்கே நமக்காக அவள் கிடக்கிறாள். எனக்குச் சிறுவயதிலிருந்து மனதில் ஒட்டிக்கொண்ட சாமி அவள்தான் என்பதற்கு இது ஒன்றே காரணம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டி மோர் ஊற்றிக்கொள்கிற ஒருத்தியை நான் தினமும் பார்த்து வளர்ந்தவள்.

அந்த வருஷம் நானும் அக்காவும் திருவானைக்காவலிலிருந்து நடந்தோம். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது விடியவில்லை, நம்பர் ஒன் டோல்கேட் தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. தலையில் பூக்கூடை வைத்துக்கொண்டு வந்தவர்கள், கையில் குழந்தையோடு வந்தவர்கள், காலில் துணி சுற்றிக்கொண்டு ஒரு பாட்டி. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல். தாருக்கு அப்போதே சூடு ஏறியிருந்தது, ஓரத்து மண்ணில் நடந்தால் முள், ரோட்டில் நடந்தால் கொதிப்பு, மாறி மாறி நடந்தோம். பாதி வழியில் அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மாவுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன், கால் வலிக்கிறது என்றாள். அப்புறம் இரண்டுமாகத்தான் இருந்தது. செல்லாத அந்தக் காசையும் உண்டியலில் போட்டேன், விழுந்த சத்தம் கூட்டத்தில் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை நடப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டாம். கடன் வாங்கியது அம்மா, வாங்கியது உங்களுக்காக. ஊரில் ஒரு கடைக்காரரிடம் அவர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால், அந்தக் கடைக்காரரைப் பிடிக்காவிட்டாலும் கொடுத்துவிடுவீர்கள். மனைவிக்கு விருப்பமிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் அந்த வேண்டுதலில் இருக்கிறார். புதுக்கோட்டையிலிருந்து முழுக்க நடக்க முடியாவிட்டால் திருச்சி வரை பஸ்ஸில் வந்துவிடுங்கள், அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். தண்ணீர் பாட்டில் தேவைப்படாது, வழியில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

'ஏதோ ஒரு பூ மணத்தது' என்று கதையில் எழுதினேன். என்ன பூ என்று எழுதச் சொல்லித் திருத்தி அனுப்பினார் ஆசிரியர். பூ என்றால் போதாதா? வாசகர் கற்பனைக்கு விடக்கூடாதா?
வாசகர், மயிலாடுதுறை

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, காரணம் சொல்கிறேன்.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கச் சுவடிகளைத் தேடி அலைந்தார். அந்தப் பத்தில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில், தோழியும் தலைவியும் அருவியில் குளித்துவிட்டுப் பூப்பறித்துப் பாறையில் குவிக்கிற இடம் உண்டு. கபிலர் அங்கே பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார், 99 பூ என்று எண்ணியிருக்கிறார்கள். சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில் சரியாக அந்த இடத்தில் சில பூக்களின் பெயர்கள் இல்லை. ஏடு சிதைந்து உதிர்ந்து போயிருந்தது. சில பெயர்கள்தானே, நூறில் இரண்டு மூன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் விடவில்லை. கடைசியில் தருமபுரம் ஆதீனத்து மடத்தில், உதிரி ஏடுகளுக்குள் தேடித் தேடி, அந்தப் பகுதி இருந்த ஏட்டைக் கண்டுபிடித்தார். பத்துப்பாட்டு 1889-இல் அச்சாகி வந்தபோது அத்தனை பூவும் அதில் இருந்தது. தருமபுரம் உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

ஒருவர் பெயர் சொல்லி எழுதினார், இன்னொருவர் அந்தப் பெயருக்காக மடம் மடமாக ஏறி இறங்கினார். நாம் 'ஏதோ ஒரு பூ' என்று எழுதினால் எப்படி?

பெயர் எழுதுவது அறிவைக் காட்டிக்கொள்வதற்காகவும் இருந்துவிடக் கூடாது. உங்கள் கதையில் வருகிற அந்தப் பையனுக்கு அது என்ன பூ என்று தெரியாது என்றால், தெரியாததை எழுதுங்கள். அவன் பாட்டியிடம் கேட்கட்டும். அவனுக்குத் தெரியும், எழுதுகிற உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பவழமல்லி விடியும்போது கீழே உதிர்ந்து கிடக்கும், அந்திமந்தாரை சாயங்காலம் விரியும், மனோரஞ்சிதம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமலே தெருவெல்லாம் மணக்கும். எந்தப் பூ என்று தெரிந்தவுடன் கதையில் மணி எத்தனை என்பதும் தெரிந்துவிடுகிறது.

வட்டாரச் சொல்லுக்கும் இதையே சொல்வேன், இதே தபாலில் இரண்டு பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். இடைசெவல் என்கிற சின்ன ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணன் கரிசல்காட்டு மக்கள் பேசுகிற சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். உங்கள் வீட்டில் சோற்றுக்கரண்டிக்கு என்ன பெயரோ அதை எழுதுங்கள். புரியாதோ என்று பயந்து அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடாதீர்கள். கரண்டி சோற்றை அள்ளும்போது புரிந்துவிடும்.

என் அக்காவின் வாழ்க்கையில் நடந்ததைப் பெயர் மாற்றிக் கதையாக எழுதினேன். பிரசுரமானது. அக்கா என்னோடு பேசுவதில்லை. எழுத்தாளனுக்குச் சுதந்திரம் இல்லையா?
வாசகர், திண்டுக்கல்

இருக்கிறது. அக்காவுக்கும் இருக்கிறது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டு, நகை பாலீஷ் போடக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டில் நின்றதை எழுதினேன். ஊர் மாற்றினேன், ஜாதி தெரியாமல் செய்தேன், அவளுடைய மகனைப் பெண்ணாக மாற்றினேன். ஆனால் கழுத்தில் கயிறு தெரியாமலிருக்க அவள் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டதை மாற்ற மனம் வரவில்லை, கதையே அதுதான். அந்தச் செய்கையை வைத்தே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் என்னிடம் சண்டை போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்தக் கதை நல்ல கதை என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். தொகுப்பில் நான் அதைச் சேர்க்கவில்லை. அவள் எனக்கு அதைச் சொன்னது ஒரு மத்தியானம், அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி. சரி என்று சொன்னவள் நான். அதை எழுதியது திருட்டு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கொடுத்த வாக்கை மீறியது. இப்போதெல்லாம் எழுதியதை முதலில் சம்பந்தப்பட்டவரிடம் காட்டிவிடுகிறேன். ஒருவர் வேண்டாம் என்றார், கிழித்துப் போட்டேன். இன்னொருவர் படித்துவிட்டு, "அன்னைக்கு மழை பெய்யல, நீ தப்பா எழுதிருக்கே" என்று திருத்தம் சொன்னார், அவர் சொன்ன மழையில்லாத வெயில் என் மழையைவிட நன்றாக இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போங்கள். பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் திட்டுகிறவரை திட்டட்டும், எழுந்து வராமல் உட்கார்ந்திருங்கள்.

கைபேசியில் கதை எழுதலாமா?
வாசகி, திருவாரூர்

தாராளமாக. பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை.

கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. முப்பது வருஷம் தவறாமல் ஏற்றிய விளக்கை இப்போது ஏற்றப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். பாவமா?
வாசகி, ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

அம்மா, பாவம் கிடையாது. முப்பது வருஷம் ஏற்றியிருக்கிறீர்கள், அது எங்கேயும் போய்விடாது. விளக்கைத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்தால் அவர்கள் ஏற்றட்டும், திரி போடத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள், அதுவும் முடிகிற அன்றைக்கு.

உங்களுக்குச் சாமி மேல் கோபம் என்று கடிதத்தில் எழுதி, அதை அடித்திருக்கிறீர்கள். அடித்திருக்க வேண்டாம். நம் தெருக்களில் வயதான அம்மாக்கள் மாரியம்மனை நேருக்கு நேர் "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு" என்று கேட்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திட்டிவிட்டு அவளிடமே விபூதி வாங்கி வைத்துக்கொண்டும் வருவார்கள். பேச்சை நிறுத்தாதவரைக்கும் உறவு இருக்கிறது, பேசவே பிடிக்காவிட்டாலும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். பத்திரிகையில் போட மாட்டேன்.

எதைப் பற்றி எழுதுவது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. கதைக்கான கரு எங்கிருந்து கிடைக்கிறது?
கல்லூரி மாணவி, திருச்சி

உங்கள் ஊர் மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறும்போது நடுவில் தாயுமானவர் சன்னதி வரும். அந்தத் தலபுராணக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்னாவதி என்கிற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து அம்மா வர வேண்டும். காவிரியில் வெள்ளம், அம்மாவால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. சிவபெருமானே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார், தாயும் ஆனவர் என்று அதனால் பெயர். இன்றைக்கும் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறார்கள். திருவிழாவில் இதை நடித்தே காட்டுவார்கள்.

எல்லோரும் அந்த வீட்டுக்குள் நடந்ததைத்தான் சொல்கிறார்கள், வந்தது சாமி என்பதால். சின்ன வயதிலிருந்து என் மனம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவிடம்தான் போகும். மூட்டையில் என்ன கொண்டுவந்திருப்பாள்? சுக்கு, திப்பிலி, பனைவெல்லம், பழம்புடவை கிழித்த துணி. வெள்ளம் என்றைக்கு வடியும் என்று ஓடக்காரனை நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பாள்? தண்ணீர் வடிந்து, ஓடம் ஏறி, ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றால் உள்ளே இன்னொரு அம்மா. தன் முகம், தன் குரல். குழந்தை பிறந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியாயிற்று. வந்தவர் மறைந்துவிடுகிறார், கதை அங்கே முடிகிறது, எல்லோரும் கும்பிடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அந்த ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் வந்து என்ன செய்தாள், எப்படித் தடவிக்கொடுத்தாள், என்ன சொன்னாள் என்று கேட்டிருப்பாளா? கொண்டுவந்த சுக்கையும் திப்பிலியையும் என்ன செய்தாள்?

மலைக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். வாழைத்தாரோடு வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளை பெற்றவளின் அம்மாவாக இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.